எட்டுக் கம்பி

“கண்ணாடிய வீட்டுலயே வச்சுட்டு வந்துட்டேன் சார். எது எந்தக் கலர்னு நீங்க காட்டிட்டே வாங்க, நான் கோத்துடறேன்” என்றார் இன்டர்நெட் லைன்மேன், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தபடி.

அவருக்குக் கண்ணாடி என்று ஒன்று இருந்ததே இல்லை. பார்வையெல்லாம் நல்ல பார்வைதான், நிறம் மட்டும்தான் பிடிபடாது. பச்சை, ஆரஞ்சு, பழுப்பு மூன்றும் பிறந்ததிலிருந்தே அவருக்கு ஒன்றுதான்.

கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள். எட்டும் எட்டு நிறம், வரிசை மாறினால் லைன் வராது. பதினெட்டு வருஷமாகக் கூட்டாளி நிறம் பார்த்துச் சொல்லச் சொல்ல, இவர் கோத்து ஒப்பேற்றிவிட்டார். போன மாதம் அந்தக் கூட்டாளி வேலையை விட்டுப் போய்விட்டார்.

அதன்பிறகு, நிறம் சொல்ல ஆளில்லாத இரண்டு வீடுகளில் இவரே குத்துமதிப்பாகக் கோத்தார். இரண்டும் புகாராகிவிட்டன. மூன்றாவது வந்தால் கண் பரிசோதனைக்கு அனுப்புவோம் என்று ஆபீஸில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். அனுப்பினால் அன்றோடு வேலை போச்சு.

இந்த வீட்டின் மாடி அறையைப் பார்த்ததும்தான் போன உயிர் திரும்பி வந்தது. வீட்டுக்காரருக்கு முப்பது வயதிருக்கும், கம்ப்யூட்டரில் கேம் ஆடுகிறவர். கீபோர்டு, மவுஸ், கம்ப்யூட்டர் பெட்டி, பின்சுவர் என்று ஒன்று விடாமல் விளக்குகள் நிறம் மாறி மாறி மின்னிக்கொண்டிருந்தன. இத்தனை நிறத்துக்கு நடுவே குடித்தனம் நடத்துகிறவருக்கு எட்டுக் கம்பி எம்மாத்திரம் என்று லைன்மேன் நினைத்துக்கொண்டார்.

“கலர் சொல்றதுல என்னண்ணே இருக்கு, கேளுங்க” என்றார் வீட்டுக்காரர். “ஆறு மணிக்கு மேட்ச். வைஃபைல ஆடினா நான் துப்பாக்கியத் தூக்கறதுக்குள்ள எதிராளி என்னைச் சுட்டு, அடக்கமும் பண்ணிட்டுப் போயிடறான். அதான் கேபிள் கேட்டேன்.”

“அஞ்சரைக்குள்ள முடிச்சுடலாம் சார். கீழ ஹால்ல மோடத்துல கடைசி லைட்டு பச்சையா இருக்கா, சிவப்பா இருக்கான்னு மட்டும் பாத்துட்டு வாங்க.”

வீட்டுக்காரர் இறங்கிப் போய்விட்டு ஏறி வந்தார். “எரியுதுண்ணே. ஜம்முனு எரியுது.”

எரிந்தால் சரி என்று லைன்மேன் வேலையை ஆரம்பித்தார். ஹாலில் இருந்த முனையை முதலில் முடித்தார்கள். பிறகு மாடிக்கு வந்தார்கள்.

“வெள்ளையும் ஆரஞ்சும் கலந்தது எது சார்?”

“இது.”

“முழு ஆரஞ்சு?”

“இது.”

“வெள்ளையும் பச்சையும்?”

“ம்... இதுண்ணே.”

எட்டையும் வரிசையாக அடுக்கி, கனெக்டருக்குள் நுழைத்து, இடுக்கியால் அழுத்தினார். இரண்டு முனையிலும் டெஸ்டரைச் செருகி, கீழ்முனையைப் பார்க்க வீட்டுக்காரரை அனுப்பினார். ஒன்றிலிருந்து எட்டு வரை விளக்குகள் வரிசையாக எரிய வேண்டும்.

“ஒண்ணு... ஆறு... மூணு... அண்ணே, தாவித் தாவி எரியுதே” என்று கீழேயிருந்து குரல் வந்தது.

வீட்டுக்காரர் சரியாகத்தான் காட்டினார், என் கைதான் எங்கேயோ மாற்றிப் பிடித்துவிட்டது என்று லைன்மேன் தன்னையே திட்டிக்கொண்டார். இரண்டு முனையையும் வெட்டினார், மறுபடி கோத்தார். இந்தத் தடவை விளக்குகள் இன்னும் கண்டபடி தாவின.

மூன்றாவது தடவை ஜன்னலோரம் போய் உட்கார்ந்தார்கள். “வெளிச்சத்துல நல்லா பாத்துச் சொல்லுங்க சார்” என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார். வீட்டுக்காரர் ஒவ்வொரு கம்பியையும் மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்துச் சொன்னார். இவர் ஒவ்வொன்றையும் விரலிடுக்கில் தனித்தனியாகப் பிடித்துக்கொண்டு, மூச்சைக்கூட மெதுவாக விட்டார்.

கோத்து முடித்துச் செருகினார்கள். மேலே இரண்டு எரிந்தபோது கீழே எட்டு எரிந்தது.

பையைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தார், இன்னொரு கனெக்டர்கூட இல்லை. மணி ஐந்தே முக்கால். வீட்டுக்காரரின் போன் விடாமல் துடித்துக்கொண்டிருந்தது. டீம் ஆட்கள்.

“அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. ஆபீஸ்க்குப் போன் பண்ணி வேற ஆளை அனுப்பச் சொல்லட்டுமா?”

லைன்மேன் எழுந்தேவிட்டார். பதினெட்டு வருஷமும் கண்ணெதிரே கரைவதுபோல் இருந்தது. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றியது. அழுகை வந்துவிடுமோ என்று பயமாகவும் இருந்தது.

“போன் மட்டும் பண்ணாதீங்க சார். கண்ணாடின்னு சொன்னது பொய். எனக்குப் பச்சை, ஆரஞ்சு, பிரவுன் எல்லாம் ஒண்ணாத்தான் தெரியும். பொறந்ததுலேருந்தே அப்படித்தான். நீங்க பாவம், ஒழுங்காக் காட்டினீங்க. கலர் தெரியாத நான்தான் கோக்கும்போது எங்கயோ மாத்தி, உங்க மேட்ச்சக் கெடுத்துட்டேன். இது ஆபீஸ்ல தெரிஞ்சா நாளைக்கு எனக்கு வேலை இல்ல சார்.”

வீட்டுக்காரர் போனை அணைத்து மேஜைமேல் வைத்தார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு, வெட்டிப்போட்ட கம்பித் துண்டுகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்தார்.

“நீங்க கோத்ததுல தப்பு இருந்திருக்காது” என்றார், தலையை நிமிர்த்தாமலே.

“எனக்கும் அதே கண்ணுதாண்ணே.”