பழைய எண்

“டேபிள்ல ஒரு பத்தியத் தூக்க மூணு கேள்வியா? படிச்சவங்க மேல உங்களுக்கு நம்பிக்கையே கிடையாதாண்ணே?”

கம்ப்யூட்டர் படித்துவிட்டுப் புதிதாக வேலைக்குச் சேர்ந்த வினிதா கேட்டதில் காரம் கொஞ்சம் தூக்கல்தான்.

உடையப்பன் பிரவுசிங் சென்டரில் குப்பை கொட்டிக்கொண்டே தானாக நிரல் கற்றவர். நைட் ஷிப்ட் முடிந்து கிளம்பிக்கொண்டிருந்தார். ரத்த தானம் செய்வோரின் பெயர், எண் எல்லாம் பத்தி பத்தியாக அடுக்கிய கம்ப்யூட்டர் டேபிளின் அமைப்பில் யார் கை வைத்தாலும், அவர் எழுதிய ஃபங்ஷன் என்ற நிரல்துண்டு வழியாகத்தான் போக வேண்டும். அதுவோ, ‘ஏன் எடுக்கிறாய்? யாரைக் கேட்டாய்? நிச்சயமாகவா?’ என்று பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி துருவும்.

பஞ்சாயத்து, அந்த ரத்த தான சேவையை நடத்தும் முதலாளி ராயப்பராஜிடம் போனது.

“பாப்பா சொல்றது சரிதான் உடையப்பா. கேள்வியெல்லாம் எடுத்துரு.”

“சரிங்க சார்” என்றவர், தோளில் மாட்டிய பையை இறக்கிவைத்து அப்போதே எடுத்தார்.

‘பழைய எண்’ என்ற பத்தியை வினிதா ஒரே தட்டில் அழித்தாள். வருஷக்கணக்காக யாரும் அதில் புதிதாக எதுவும் பதியவில்லை. வெறும் அடைசல்.

நாலாம் நாள் மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து போன். பிரசவத்தில் ஒரு பெண்ணுக்கு ரத்தப்போக்கு. கிடைக்காத குரூப். பக்கத்தில் இருப்பது வடமதுரை பொன்னுத்துரை ஒருத்தர்தான். அவர் செல் அணைந்து கிடக்கிறது.

“தோட்டத்துக்குப் போயிட்டாருன்னா பக்கத்து வீட்டு நம்பருக்குத்தாம்மா அடிப்போம். ‘பழைய எண்’ணுல இருக்கும். இப்ப அதையே காணோமே!” என்று போனில் பதறினார் நர்ஸ்.

வினிதா, வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த உடையப்பனைப் போனில் எழுப்பினாள்.

“அண்ணே… நான் அழிச்சுட்டேண்ணே.”

“அழுவாத தாயி. செத்த நேரம் லைன்லயே இரு.”

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பத்தி திரையில் வந்து உட்கார்ந்தது, ஒரு எண் குறையாமல்.

சாயங்காலம் ஆஸ்பத்திரியே கூப்பிட்டுச் சொன்னது. பொன்னுத்துரை சேற்றுக்காலோடு பைக்கில் வந்து ரத்தம் கொடுத்தாராம். தாயும் பிள்ளையும் சுகம்.

வினிதா மறுபடி உடையப்பனுக்குப் போன் அடித்தாள்.

“அதான் எல்லாத்தையும் எடுத்துட்டீங்களேண்ணே? அப்புறம் எப்படித் திரும்பி வந்துச்சு?”

“கேள்வியத்தான எடுக்கச் சொன்னாக? அழிக்கச் சொன்னா அந்த ஃபங்ஷன் அழிக்காது. முப்பது நாள் ஒளிச்சு வச்சிருக்கும். அதுல நான் கை வைக்கல.”

“நான் தப்புப் பண்ணுவேன்னு அம்புட்டு உறுதியா உங்களுக்கு?”

“அட போத்தா! உன்னைய நெனச்சா எழுதுனேன்? நீ வர்றதுக்கு முன்னாடி எழுதுனது. மொத வரியப் படிச்சுப் பாரு.”

ஃபங்ஷனைத் திறந்தாள்.

‘உடையப்பனிடமிருந்து காப்பாற்ற. இவன் அன்று அழித்தது திரும்பி வரவேயில்லை.’

எழுத்து மங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதற்குக் கீழே ஒரு வரி சேர்த்தாள்:

‘வினிதாவிடமிருந்தும்.’