எந்த போன் வேகம்?

தி.நகர் மொபைல் கடையில் காட்சிக்கு வைத்திருந்த மூன்றாவது போனிலும் நாஸியா தன் பதிவு எண்ணைப் போட்டு, அதே பக்கத்தைத் திறந்து பார்த்தாள். முதல் போனில் ஒன்பது விநாடி, அடுத்ததில் ஆறு. இதில் இரண்டே விநாடி!

"இன்னாம்மா, போனுங்களுக்கு ஓட்டப்பந்தயம் வெச்சுக்கினு கீறியா? வாங்குவியா, மாட்டியா?" என்றான் விற்பனையாளன் அமீன்.

"இல்ல பாய். வேலைக்கு ஆன்லைன் பரீட்சை. என் போன்ல காலைலேர்ந்து சும்மா சுத்திக்கினே கீது. பன்னண்டு மணியோட முடிஞ்சிடும்."

அமீன் இளகிப்போய் ஸ்டூலை இழுத்துப் போட்டான். "முதலாளி வர்றதுக்குள்ள எழுதிடு."

நாஸியா முதல் கேள்வியைத் தொட்டாள். திரை சிவந்தது.

'ஒரே பதிவு எண்ணில் நான்கு போன்கள். ஆள்மாறாட்டச் சந்தேகத்தால் உங்கள் தேர்வு ரத்து.'

அவள் போனை வைத்துவிட்டு எழுந்தாள்.

"அதுக்குள்ள முடிச்சிட்டியா? கில்லாடிம்மா நீ!" என்றான் அமீன்.