சாமி முன்னால் ஒரு சாவி

ஆயுத பூஜையன்று சாயங்காலம் தேவநாதனின் போன் அலறியது. "பெட்டகத்தைப் புதுப்பிக்கவும். பத்து நிமிடத்துக்குள் சாவியை இணைத்துச் 'சம்மதம்' அழுத்தாவிட்டால் எல்லாம் முடங்கிவிடும்."

சாவி என்பது கட்டைவிரல் அளவுக் கருவி. சேர்த்துவைத்த டிஜிட்டல் நாணயம், வீட்டுப் பத்திரம், வாசற்கதவின் பூட்டு எல்லாம் அதற்குள்தான். ஆனால் அது இப்போது ஸ்பேனருக்கும் தையல் மெஷினுக்கும் நடுவில் சந்தனம் குங்குமத்தோடு சாமி முன்னால் இருந்தது.

"பூஜையில வச்சதை நாளைக்குக் காலையிலதான் எடுக்கணும்" என்று குறுக்கே வந்து நின்றாள் மனைவி செண்பகவல்லி.

"நடுத்தெருவுல நிக்கப்போறோம், வல்லி!"

"நின்னா நிக்கலாம். கை வைக்காதீங்க."

பத்து நிமிடம் போயே போய்விட்டது. தேவநாதன் சாப்பிடாமலே படுத்தான்.

விடிந்ததும் கற்பூரம் காட்டி அவளே சாவியை எடுத்துக் கொடுத்தாள். எதுவும் முடங்கியதாகத் தெரியவில்லை. போன் இன்னும் 'பத்து நிமிடம்தான்' என்றே அவசரப்படுத்திக்கொண்டிருந்தது. அவன் சாவியை இணைத்தான். அதன் குட்டித் திரையைச் சந்தனம் மூடியிருந்தது. நேற்றாக இருந்தால் அப்படியே அழுத்தியிருப்பான். இன்று வேட்டி நுனியால் துடைத்தான்.

'உங்கள் வீடு வேறொருவர் பெயருக்கு மாறும். சம்மதமா?'

'இல்லை'யை அழுத்தினான். அப்போதும் மனசு ஆறவில்லை. வெளியே போய்க் கதவைச் சாத்திவிட்டு நின்றான்.

"வாங்க, தேவநாதன்" என்று எப்போதும்போலச் சொல்லிக் கதவு திறந்தது.

உள்ளே செண்பகவல்லி பொரித் தட்டை நீட்டினாள். இரண்டு கையாலும் அள்ளினான். அப்படி ஒரு பசி.