பெட்டி தந்த வாக்கு

"ஐயோ, நான்தான்! சத்தியமா நான்தான்! ஆராவது வாங்கோ!"

கோப்பாயில் அந்த ஒழுங்கையால் சைக்கிளில் போன சுபாஸ் ஒரு காலை ஊன்றி நின்று, பூட்டிக் கிடந்த பெரிய வீட்டைப் பார்த்துச் சிரித்தான். "மனேச்சற்றை பெட்டி இண்டைக்கு நல்லா நடிக்குது, அக்கா," என்று பக்கத்து வளவில் கொக்கத்தடியால் முருங்கைக்காய் பிடுங்கிக்கொண்டு நின்ற பாலேஸ்வரியிடம் சொல்லிவிட்டு மிதித்துப் போனான்.

பெட்டி என்பது, கனடாவிலிருந்து மகன் கிருஷாந் அனுப்பிய, சொல்வதைக் கேட்டு வேலை செய்யும் ஸ்பீக்கர். வாயால் சொன்னால் லைற் எரியும், கேற் திறக்கும், யாருக்கும் போனும் எடுக்கும்.

ஓய்வுபெற்ற வங்கி மனேச்சர் நடராசா அதைப்பற்றி வாசிகசாலையில் கூட்டமே வைத்தார். "மகளின்ரை கலியாணத்துக்கு நான் கொழும்புக்குப் போனாப் பிறகும் வீட்டுக்குள்ள என்ரை குரல் கேக்கும். கேள்வி கேட்டா மறுமொழியும் சொல்லும். கள்ளன் நான் உள்ள நிக்கிறன் எண்டு நினைப்பான். நீங்கள் ஒருத்தரும் ஏமாறக்கூடாது, விளங்கிச்சோ?" கள்ளனுக்குத் தெரியக்கூடாத இந்த ரகசியத்தை மைக்கில்தான் சொன்னார்.

மனைவி அம்பிகையையும் மற்ற வீட்டாரையும் முதல்நாளே வான் பிடித்து அனுப்பிவிட்டார். வீட்டைப் பாதுகாப்பாகப் பூட்ட அவர்களுக்கு அறிவு காணாது என்று தான் மட்டும் பின்தங்கினார்.

யன்னலால் எவனும் கத்திப் பெட்டிக்குக் கட்டளை போடாதபடி, முதலில் அதன் காதைப் பொத்தினார். அதாவது, மைக்கை நிறுத்தினார். நம்பர் அடித்தால் மட்டும் திறக்கும் முன்கதவு தானாகவே பூட்டிக்கொண்டது. போனைப் பயணப் பையின் மேல் வைத்துவிட்டு, கால் கழுவக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். உள்கைபிடி கழன்று கையோடு வந்தது.

இரவு ஏழு மணிக்குக் கொழும்பு பஸ். விடிந்தால் தக்சாயினிக்குத் தாரை வார்க்க வேண்டிய கை, இப்போது குளியலறை யன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கியது. வெளியே போன் அடித்து அடித்து ஓய்ந்தது. "அம்பிகைக்குப் போன் எடு!" என்று பெட்டியிடம் கத்திப் பார்த்தார். காது பொத்தப்பட்ட பெட்டி, அவருடைய குரலிலேயே "அம்பிகை, தேத்தண்ணி கொண்டா!" என்று ஹோலில் அதட்டியது.

யன்னல் தூசி மூக்கில் ஏறி, வீடு அதிரத் தும்மினார்.

"நூறு வயசு," என்றாள் பாலேஸ்வரி, கொக்கத்தடியை இறக்காமலே.

நடராசாவுக்கு உயிர் வந்தது. வேலிச் சண்டைக்குப் பிறகு அவளோடு முகம் கொடுத்துக் கதைக்காதவர், "தங்கச்சி! பாலேஸ் தங்கச்சி! உள்ளுக்கை மாட்டுப்பட்டுப் போனன்!" என்று கத்தினார்.

"நடராசா அண்ணை என்னைத் தங்கச்சி எண்டு கூப்பிட்டதே இல்லை. அப்ப உது பெட்டிதான்."

"பெட்டி இல்லை, பிள்ளை! கதவு நம்பர் சொல்லுறன், வந்து திற!"

"ஐயோ, மாட்டன். ஆர் கதவில கை வைச்சாலும் கனடாவில மகனுக்குப் படம் தெரியுமாம். பிறகு என்னைக் கள்ளி எண்டு சொல்லுவார்."

"நான் சொல்லமாட்டன்!"

"நீ சொல்லமாட்டாய், பெட்டி. அவர் சொல்லுவார்."

கொக்கத்தடியை மரத்தில் சாத்திவிட்டு வேலியோடு வந்து நின்றாள். "அண்ணையின்ரை மூளை முழுக்க உனக்குள்ளதானாமே. சொல்லு பாப்பம், இந்த வேலி ஆரின்ரை காணிக்குள்ள நிக்குது?"

தூரத்தில் ஏதோ ஒரு பஸ் ஹோர்ன் அடித்தது.

"உங்கடை காணிக்குள்ளதான்," என்றார் நடராசா. "ஒரு முழம் தள்ளித்தான் போட்டது."

"திருப்பிப் பழைய இடத்தில போடுவாரோ?"

"போடுவன்! கொழும்பால வந்த உடனை போடுவன்!"

அவள் தன் போனை யன்னலை நோக்கி உயர்த்திப் பிடித்தாள். "இன்னொருக்காச் சொல்லு. சத்தமா."

நல்லூர்க் கந்தன்மேல் ஆணையையும் சேர்த்துச் சொன்னார்.

"கடைசியா ஒண்டு." அவளுடைய குரல் கொஞ்சம் இறங்கியது. "தக்சாயினி நடை பழகினது எங்கடை முத்தத்தில. ஊர் முழுக்கக் கலியாணத்துக்குச் சொல்லிப்போட்டு, எங்கடை படலையை மட்டும் ஏன் தாண்டிப் போனவர்?"

கம்பியில் கை வழுக்கியது. "பிழை, தங்கச்சி. பெரிய பிழை. திறந்து விட்டா உங்கடை படலைக்கு வந்து வாயாலை சொல்லுறன். என்ரை பிள்ளை மணவறையில தேப்பனைத் தேடப்போகுது..." கடன் கேட்டு வந்தவர்களை நடுங்க வைத்த குரல், உடைந்து அழுதது.

பாலேஸ்வரி அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. வேலிப் பொட்டுக்குள்ளால் புகுந்து வந்தாள். பெற்ற பிள்ளைக்கும் சொல்லக்கூடாது என்று வாசிகசாலையில் எச்சரித்த நம்பரை, நடராசா ஒழுங்கை முழுக்கக் கேட்கக் கத்தினார்.

குளியலறைக் கதவு வெளியிலிருந்து ஒரு திருகில் திறந்தது. கழன்ற கைபிடியோடு வெளியே வந்தவர், மணிக்கூட்டைப் பார்த்தார். பஸ்ஸைப் பிடிக்கலாம். முகத்தைத் துடைத்தார், கொலரை இழுத்துவிட்டார். குரல் மனேச்சர் குரலாயிற்று.

"பெட்டி எண்டு நினைச்சுத்தானே உதெல்லாம் கேட்டனீ? பெட்டி தந்த வாக்கு என்னைக் கட்டுப்படுத்தாது, கண்டியோ."

பாலேஸ்வரி பயணப் பையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"பெட்டி தும்மினா ஆரும் நூறு வயசெண்டு சொல்லுவினமே, அண்ணை?"