குறையாத குவியல்

துப்புரவுக்கு வரும் சின்னராசுவின் தோளில் துடைப்பத்தோடு ஒரு பையும் தொங்குவதை செக்யூரிட்டி மருதப்பன் கவனித்துவிட்டார். கூட்டுகிறவனுக்குப் பை எதற்கு?

சிங்கப்பூரின் ஜூரோங்கில் இருந்த அந்த ஆய்வுக்கூடத்துக்குள் ஒரு குட்டி மாதிரி ஆறு இரவும் பகலும் ஓடியது. தலைமாட்டில் முழங்கால் உயர அணை. அணையை ஒட்டி ஒரு சரளைக்கல் குவியல். மிச்ச ஆறு சுவரைத் தாண்டி, பூட்டிய அடுத்த கூடத்தில்.

"இந்தக் குவியல்தான் என் அஞ்சு வருஷ உழைப்பு, அங்கிள். யாரும் ஒரு கல்லைக்கூடத் தொடக் கூடாது. தினம் காலையில எனக்கு ஒரு போட்டோ அனுப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு, டாக்டர் ரோஷினி அசல் அணையைப் பார்க்க வெளிநாடு போயிருந்தார்.

இரண்டாம் நாளே குவியல் இளைத்திருந்தது. அறுபத்து மூன்று வயது மருதப்பனுக்குத் தொப்பையைத் தவிர மற்றதெல்லாம் நடுங்கியது. கல்லும் மணலும் கப்பலில் வந்து இறங்கும் ஊர்; யாருக்குத்தான் ஆசை வராது?

சாயங்காலம் சின்னராசுவை வாசலில் மறித்தார். "பையைத் திற, தம்பி."

"உள்ள தங்கமா வெச்சிருக்கேன் லா?" சிரித்துக்கொண்டே கவிழ்த்தான். கொஞ்சம் ஈரப் பொடி உதிர்ந்தது. கல் ஒன்றுகூட இல்லை.

கைதேர்ந்த திருடன் என்று மருதப்பன் முடிவுகட்டினார்.

ஆனால் புகார் கொடுத்தால் அவன் வேலை பெர்மிட் போய்விடும். ஊரில் இரண்டு பெண் குழந்தைகள் வேறு. அதனால் தினமும் காலையில் பின்கட்டில் மிச்சம் கிடந்த சரளையில் ஒரு பை அள்ளி வந்து, அவனை மனசுக்குள் திட்டிக்கொண்டே குவியலில் கொட்டினார். அதற்கப்புறம்தான் போட்டோ.

மூன்று வாரம் கழித்து வந்த ரோஷினியின் கண்கள் சிவந்திருந்தன.

"தோத்துட்டேன், அங்கிள். அணை கட்டினதுல இருந்து அந்த ஆத்துக்குக் கல்லே வர்றதில்ல, மீனுக்கு முட்டை போட இடமில்ல. நாம கொட்டினா தண்ணியே இழுத்துட்டுப் போய்ப் பரப்பிடும்னு அடிச்சுச் சொன்னேன். உங்க போட்டோல குவியல் அப்படியே இருக்கு! நாளைக்குத் திட்டத்தையே மூடிடுவாங்க."

"அது... குறையணுமா, மேடம்?" மருதப்பன் தொப்பியைக் கழற்றினார். "திருட்டுப் போகுதுன்னு நெனச்சு, தினம் காலையில ஒரு பை நான்தான் கொட்டினேன்."

ரோஷினியின் முகம் மலர்ந்தது. கணக்குப் போட்டதும் மறுபடி வாடியது. "அப்போ தண்ணி தினம் ஒரு பைதான் இழுத்திருக்கு. ரெண்டு பை போனாத்தான் அணைக்காரங்க ஒத்துக்குவாங்க."

கூட்டிக்கொண்டிருந்த துடைப்பம் நின்றது. சின்னராசு மருதப்பனை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அண்ணன்தான் எடுக்குறாரு, மாட்டினா வேலை போயிடுமேன்னு... தினம் சாயங்காலம் நானும் ஒரு பை கொட்டினேன், மேடம்."