முதல் ஊசி

திறப்பு விழாவன்று முதல் ஊசி போட்டுக்கொண்டவரே மயங்கிச் சாய்ந்தால், அந்தக் கிளினிக் பக்கம் பிறகு யார் வருவார்கள்? அதுவும் சாய்ந்தவர் வேறு யாருமில்லை, நிலாணியின் சொந்த மாமியார் இராஜேஸ்வரி.

மாமிக்கு இந்த அக்குபங்சர் ஊசி வைத்தியம் தொடக்கத்திலிருந்தே பிடிக்கவில்லை. மருமகள் உடற்பயிற்சி விஞ்ஞானத்தில் பட்டம் எடுத்தவள். கனடாவில், மிசிசாகா நகரில் பதினான்கு வருடம், அடிபட்டு வந்த ஹொக்கி வீரர்களை மறுபடி ஓட வைத்தவள். அந்த உத்தியோகத்தை உதறிவிட்டு, முப்பத்தொன்பது வயதில் ஊசி குத்தப் படிக்கப் போனால் எந்த மாமியார் சும்மா இருப்பார்? கோயிலிலும் கலியாண வீட்டிலும் சொல்லிச் சொல்லித் தலையிலடித்துக்கொண்டார்.

நிலாணிக்கு ஒரு காரணம் இருந்தது. உடம்பை அசைக்கப் பழக்குவது அவள் வேலை. வலியில் கையைத் தூக்கவே மாட்டேன் என்பவருக்கு என்ன பயிற்சியைக் கொடுப்பது? வேலையிடத்தில் பக்கத்து அறையில் ஊசி போட்டுக்கொண்டு வந்த சிலர் மெல்ல மெல்லக் கை தூக்கியதைக் கண்டபிறகு அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மூன்று வருடம் படித்தாள், பரீட்சை எழுதினாள், லைசென்ஸ் எடுத்தாள். மில்லிக்கனில் கடைகள் நிறைந்த பிளாசா ஒன்றில் இடம் பிடித்து, இருந்த காசையெல்லாம் அதில் போட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை காலை முப்பது பேராவது வந்திருப்பார்கள். வடையும் கேசரியும் நன்றாகவே போயின. யாராவது ஒருவர் ஊசி போட்டுப் பாருங்கோவன் என்று கணவன் கீதன் கேட்டதும்தான், எல்லோருக்கும் சுவரிலிருந்த படத்தைப் பார்க்கும் அவசரம் வந்துவிட்டது.

அப்போது மாமி எழும்பினார்.

"எனக்குப் போடும் பிள்ளை. முழங்கால் உளையுது."

நிலாணி திகைத்துப் போனாள். ஆனாலும் எல்லோரிடமும் கேட்க வேண்டியதை விடவில்லை.

"மாமி, காலமை சாப்பிட்டனீங்களோ? வெறும் வயித்தில ஊசி போடக் கூடாது."

"ஓம் ஓம், இடியப்பம் சாப்பிட்டனான்."

இன்னொரு தரம் கேட்டாள். அதே பதில்தான்.

திரைக்குப் பின்னால் கட்டிலில் படுக்க வைத்து ஊசி போடத் தொடங்கினாள். நான்காவது ஊசியில் மாமியின் முகம் வெளுத்தது. வியர்த்துக் கொட்டியது. கண் செருகியது.

திரைக்கு வெளியே பாலேஸ்வரி அன்ரியின் குரல் கேட்டது. மாமியின் கோயில் சினேகிதி, எதையும் மெதுவாகச் சொல்லத் தெரியாதவர்.

"குத்தக் கூடாத இடத்தில குத்திப்போட்டாள் போல."

கதிரைகளைப் பின்னால் அரக்கும் சத்தம் வந்தது. சிலர் ஜக்கெட்டைத் தேடத் தொடங்கினார்கள்.

நிலாணி உடனே ஊசிகளை எடுத்தாள், எண்ணிப் பார்த்தாள். மாமியின் கால்களை உயர்த்தி வைத்து நாடி பிடித்தாள். தலைசுற்றி விழுந்த ஆறடி ஆட்களையே தூக்கி நிறுத்திய பழக்கம் இன்றைக்கு உதவியது. கண் திறந்ததும் சீனி போட்ட தேத்தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தாள், வாழைப்பழமும் கொடுத்தாள். பத்து நிமிடத்தில் மாமி எழும்பி உட்கார்ந்தார்.

காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை என்று அப்போதுதான் மெல்லச் சொன்னார்.

நிலாணிக்குக் கோபம் தலைக்கேறியது. நாலு பேருக்கு முன்னால் தன்னை விழுத்தத்தான் மாமி கட்டிலில் ஏறியிருக்கிறார். வெளியே போய் உண்மையைச் சொல்லலாம்தான். ஆனால் நோயாளியின் கதையை வெளியே சொல்லக் கூடாது, மாமியாரென்றாலும் நோயாளி நோயாளிதான். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

மாமியே திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

"ஜக்கெட்டைக் கழட்டிப்போட்டு இருங்கோ. ஊசியில ஒரு பிழையும் இல்லை. பிள்ளை ரெண்டு தரம் கேட்டவள். நான்தான் சாப்பிட்டனெண்டு பொய் சொன்னனான். பத்து நிமிசத்தில என்னை எழுப்பி நடக்க விட்டிருக்கிறாள், பாத்தனீங்கள்தானே."

எடுத்த ஜக்கெட்டுகள் திரும்பவும் கதிரைகளுக்குப் போயின. பிறகு பாலேஸ்வரி அன்ரி தோளைத் தடவிக்கொண்டு முன்னால் வந்தார்.

"எனக்கும் இந்தத் தோள்மூட்டு ஒரு வருசமா இழுக்குது பிள்ளை. நான் காலமை வடிவாச் சாப்பிட்டனான்."

அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் நின்றார்கள். பின்னேரத்துக்குள் மூன்று கிழமைக்கு அப்பொயின்ட்மென்ட் நிரம்பிவிட்டது. எழுதி எழுதிக் கீதனுக்குக் கை வலித்தது. வாசலில் போர்டைப் பார்த்துக்கொண்டு நின்ற நிலாணிக்குச் சந்தோசத்தில் அழுகையே வந்துவிட்டது.

எல்லோரும் போனபின் மாமியை வெக்ஸ்போர்ட்டில் அவர் தனியாக இருக்கும் அப்பார்ட்மென்டில் விடுவதற்குக் காரில் ஏற்றினாள். கோபம் இன்னும் ஆறவில்லை.

"ஏன் மாமி பொய் சொன்னனீங்கள்? உங்களுக்கு ஏதும் நடந்திருந்தால்?"

"விரதமெண்டு சொன்னால் நீர் ஊசி போட்டிருக்கமாட்டீர். நான் ஏறாட்டி உந்தச் சனத்தில ஒண்டும் ஏறியிராது."

"இந்த வயசில என்ன விரதம்? ஊரெல்லாம் என்னைப் பேசித் திரிஞ்சது காணாதோ?"

மாமி கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி சொன்னார்.

"உம்மில கோவம்தான் பிள்ளை. அதுக்காண்டி நீர் தோத்துப்போக வேணுமெண்டு நினைப்பனோ? நீர் வேலையை விட்ட கிழமை நேந்தனான், சொந்தமாக் கிளினிக் திறக்கும்வரைக்கும் வெள்ளிக்கிழமையில பச்சைத் தண்ணிதான் எண்டு. மூண்டு வருசத்தில ஒரு வெள்ளியும் தப்பேல்லை."