பங்காரு

"அம்மா, ஞாயித்துக்கிழமை வர்றப்ப தமிழ்லயே பேசும்மா. தெலுங்கு வேண்டாம்."

எஸ்.டி.டி. பூத்தில் இருந்து இதைச் சொன்னாள் ஹேமாவதி. அதையும் தெலுங்கில்தான் சொன்னாள்.

மறுமுனையில் அம்மா ராமாமணி, "சரி, பங்காரு" என்றாள்.

"அந்தப் பங்காருவும் வேண்டாம்!"

பங்காரு என்றால் தங்கம். பிறந்ததிலிருந்து அம்மாவுக்கு அவள் அப்படித்தான். போன தடவை ஹாஸ்டல் வாசலில் வாய்நிறையக் கூப்பிட்டுவிட்டாள். அன்றிலிருந்து அறைத்தோழிகள் லோகப்பிரியாவுக்கும் செவ்வந்திக்கும் ஹேமா 'ஏமண்டி' ஆகிவிட்டாள்.

"ஏமண்டி, ஆந்திராவுல எந்த ஊருங்க?"

"காரமடை" என்றால் இன்னும் சிரிப்பு. தாத்தாவுக்குத் தாத்தாவும் பிறந்தது இதே தமிழ் மண்ணில், காரமடையில்தான். அதை யார் கேட்டார்கள்?

பெற்றவளின் வாயைக் கட்டுகிற பெண்ணை என்னவென்று சொல்வது!

ஞாயிற்றுக்கிழமை ராமாமணி ஒரு டப்பா நிறைய இனிப்பு ஒப்புட்டுடன் வந்தாள்.

"ஏனுங்க அம்மணி, நல்லாருக்கறீங்களா? எங்க கண்ணு எப்பவும் உங்க பேச்சுத்தான். எடுத்துக்குங்க, கூச்சப்படாதீங்க."

ஒரு வார்த்தை பிசகவில்லை.

"உங்கம்மா எங்கம்மா மாதிரியே பேசறாங்க, ஹேமா" என்றாள் லோகப்பிரியா.

ஹேமா! இத்தனை நாளில் முதல் தடவை. ஆனாலும் மனசு ஏனோ நிறையவில்லை.

அம்மாவை பஸ் ஏற்றப் போனாள். நிழற்குடையில் இவர்கள் இருவர்தான். அடக்கி வைத்திருந்ததெல்லாம் தெலுங்கில் உடைந்து வந்தது.

"அம்மா, இங்க எனக்குன்னு யாருமே இல்லம்மா. ஒரே தனியா இருக்கு."

"பழகப் பழகச் சரியாப் போயிரும் கண்ணு" என்றாள் அம்மா, தமிழிலேயே.

"இங்கதான் யாரும் இல்லையே. நம்ம பேச்சுலயே பேசும்மா."

ராமாமணி குற்றம் செய்தவள் போலச் சிரித்தாள்.

"வாய் தவறி அங்க வந்துபோடுமோன்னு பயந்து, நீ போன் பண்ணுன அன்னைக்கே ஊட்லயும் தெலுங்கை நிறுத்திப்போட்டேன். அப்பா, தம்பி எல்லாரும் இப்பத் தமிழ்தான்."

அதற்குள் காரமடை வழியாகப் போகும் மேட்டுப்பாளையம் பஸ் வந்துவிட்டது.

"அம்மா, ஒரே ஒரு தடவை என்னைப் பழையபடி கூப்பிடேன்" என்றாள், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு.

அம்மா சுற்றிலும் பார்த்தாள். பஸ் நிறைய ஆட்கள். மகளின் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

"பயப்படாதே. இனி நம்மூட்ல யாரும் உன்னைத் தலைகுனிய வெக்க மாட்டோம், கண்ணு."